மிளகு ரசம் நிறுத்திய மாதம்

என் மனைவியின் உடம்பு அளவுக்கு மீறிக் கெட்டியாக இருப்பதால்தான் எங்களுக்குப் பிள்ளை உண்டாகவில்லை என்று நம்பினேன். அவளைக் கொஞ்சம் நோஞ்சானாக்கினால் போதும் என்று முடிவும் செய்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம். நாகலூர் பக்கம் மலைமேல் ஒரு காபி எஸ்டேட்டில் நான் கணக்கு எழுதும் ரைட்டர். கல்யாணமாகி எட்டு வருடம்.

சேலத்து டாக்டரம்மா தெளிவாகத்தான் சொன்னார். "சில பேருக்கு உடம்போட எதிர்ப்பு சக்தியே விந்தணுவைப் பகையாளியா நெனச்சுத் தாக்கும். ஆம்பளைக்கும் இருக்கலாம், பொம்பளைக்கும் இருக்கலாம். ரெண்டு பேரும் ரத்தம் குடுத்துட்டுப் போங்க. இன்னையிலருந்து பதினெட்டாம் நாள் வந்தா, உங்க விந்தை எடுத்து நேரா கர்ப்பப்பையில செலுத்திப் பார்ப்போம். அதுவரைக்கும் இவங்களுக்கு டென்ஷன் குடுக்காதீங்க."

'ஆம்பளைக்கும்' என்ற இடத்தில் என் காது விடுமுறையில் இருந்தது. ஊசியைப் பார்த்ததும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துகொண்டேன். அவள் மட்டும் கை நீட்டினாள்.

மலையேறும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் கேட்டேன், "டென்ஷனா இருக்குதா?"

ஏழாவது வளைவில் சொன்னாள், "ஏனுங்க, நீங்க பேசாம வந்தாலே நொம்ப நல்லா இருக்குமுங்க."

பன்னிரண்டாவதில் வாந்தி எடுத்தவன் நான்தான்.

மறுநாள் முதல் வீட்டில் மிளகு ரசம் நிறுத்தம். தோட்டம் முழுக்க மிளகுக்கொடி. எங்கள் தட்டில் வெறும் புளித்தண்ணீர். அவளுடைய கம்பளியைப் பரணில் ஒளித்தேன். பனி இறங்கும் சாயங்காலங்களில் வாசலில் நின்று காற்று வாங்கச் சொன்னேன். அவள் தும்மினால் மனசுக்குள் கைதட்டினேன்.

"சளி புடிச்சிருக்குதுங்க. கம்பளி எங்கீங்க?"

"நீ ரத்தம் குடுக்கப் போனப்ப, எதிர்ப்பு சக்தியக் குறைக்கோணும்னு டாக்டரம்மா எங்கிட்டச் சொன்னாங்க. கொஞ்சம் பொறுத்துக்க கண்ணு."

எனக்குக் கேலி பேச வரும்; அதுவரை அவளிடம் பொய் சொன்னதில்லை. அதனால் நம்பினாள். நடுங்கிக்கொண்டே நின்றாள்.

பதினெட்டாம் நாள் காய்ச்சலில் கொதித்தாள். நெஞ்சில் சளி கரகரத்தது. டாக்டரம்மா குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "இந்த மாசம் முடியாது. இப்படி ஆகுற வரைக்கும் என்ன பண்ணீங்க?" என்றார்.

"நீங்க சொன்னபடிதானுங்க," என்றாள் அவள், கொஞ்சம் பெருமையாகவே. "எதிர்ப்பு சக்தியக் குறைச்சுட்டோமுங்க."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார்.

"இவங்க ரத்தத்துல ஒரு குறையும் இல்ல. உங்க ரத்தம் எங்க சார்?"

கையை நீட்டினேன். அவள் மூச்சிரைத்தபடி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பும்போது இருபது வளைவிலும், அவள் அன்று கேட்டபடியே, நான் பேசாமல் வந்தேன்.

எதிர்ப்பு என் ரத்தத்தில் இருந்தது. அவள் உடம்பு தேறியபின் மூன்று முறை சிகிச்சை நடந்தது. மூன்றும் பலிக்கவில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை.