வராதவளுக்கு அறுபத்திரண்டு

அன்புசெல்வன் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்தான். கும்மிடிப்பூண்டியில் ஒரு கெமிக்கல் கம்பெனி லேபில் இருந்தபோது, வெளியே விடுகிற கழிவுத் தண்ணீரின் அளவை மாற்றி எழுதச் சொன்னார்கள். மாட்டேன் என்று மல்லுக்கு நின்று வேலையை விட்டான். பிறகு கவரைப்பேட்டைப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் வேதியியல் வாத்தியாரானான். பன்னிரண்டாம் வகுப்புக்கு வகுப்பாசிரியரும் அவன்தான். நேர்மையானவன், பிள்ளைகள் மேல் அக்கறை உள்ளவன். அப்படிப்பட்டவன் கையால்தான் இந்தக் காரியம் நடந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

போன வருஷம் பள்ளிக்கு ஒரு ஆப் வந்தது. வாரத் தேர்வு மார்க்கை வாத்தியார் ஏற்றினால் பெற்றோர் போனுக்குச் செய்தி போகும். ஷிப்டு மாறி மாறி உழைக்கிற ஜனங்களுக்குப் பள்ளிக்கூட வாசலை மிதிக்க நேரம் ஏது? எல்லோருக்கும் சந்தோஷம். ஒரே ஒரு குறை: மார்க் கட்டத்தில் எண்ணைத் தவிர எதுவும் ஏறாது. தேர்வுக்கே வராத பிள்ளைக்கு ‘வரவில்லை’ என்று போட வழியில்லை. காலியாக விட்டால் மொத்த வகுப்பின் செய்தியும் நின்றுவிடும். பூஜ்யம் போட்டால் வகுப்பு சராசரி சரிந்து, தாளாளர் அரசப்பன் கூப்பிட்டு வறுத்தெடுப்பார்.

வாத்தியார்கள் தங்களுக்குள் ஒரு வழி கண்டார்கள். வராத பிள்ளைக்கு அது வழக்கமாக வாங்குகிற மார்க்கையே போட்டு வைப்பது, வந்து எழுதியதும் திருத்திக்கொள்வது. ஒருத்தராவது திருத்தினாரா என்று என்னைக் கேட்காதீர்கள். அன்புசெல்வனும் அப்படித்தான் போட்டான். ஆனால் சும்மா போடவில்லை, சண்டை போட்டுக்கொண்டே போட்டான். ஆப் கம்பெனியிலிருந்து சந்திரமோகன் பள்ளிக்கு வந்த அன்று பிடித்துக்கொண்டான்.

“இது கோளாறு சார். சரி பண்ணிக் குடுங்க.”

“கோளாறுன்னா ஆப் நின்னு போவணும், இல்ல கணக்கு தப்பா வரணும். இது மார்க்குக்கான ஆப் சார். அட்டெண்டன்ஸுக்குத் தனி பேக்கேஜ் கீது, உங்க தாளாளர் வாங்கல. இது லிமிடேஷன், அவ்ளோதான்.”

“வராத புள்ளய எழுதுச்சின்னு சொல்லுது. அது பொய் இல்லாம இன்னா?”

“ஆப் எங்க சார் சொல்லுது? நீங்கதான போடுறீங்க.”

அந்தச் சொல்லோடு அவன் அடங்கியிருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. மெயிலுக்கு மேல் மெயில் தட்டினான். கோளாறா, வரம்பா? மாசக்கணக்கில் வழக்கு நடந்தது. “இன்னா அன்பு, கேஸு எந்தக் கோர்ட்டுல கீது?” என்று சக வாத்தியார்கள் கிண்டலடித்தார்கள். அவன் விடவில்லை, ஆதாரம் சேர்த்தான். வகுப்பில் ரம்யா என்ற பெண் மஞ்சள் காமாலைக்குப் பிறகு வருவதே இல்லை. ‘இந்த மாணவி பள்ளிக்கே வராமல் வாராவாரம் அறுபத்திரண்டு வாங்குகிறாள், பாருங்கள்’ என்று அவளையே உதாரணம் காட்டி எழுதினான். எழுதிவிட்டு அடுத்த வாரமும் அறுபத்திரண்டு போட்டான்.

அவள் அம்மா சின்னப்பொண்ணுக்கு ஒரு தடவை போன் போட்டுப் பார்த்தான். அவள் இரும்புக் கம்பெனியில் கூட்டிப் பெருக்குகிறவள். போனை கேட்டில் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மணி அடித்து ஓய்ந்தது. நம்ம கடமை முடிந்தது என்று விட்டுவிட்டான். அத்தனை மெயில் எழுதத் தெரிந்தவனுக்கு இன்னொரு போன் போடத் தோன்றவில்லை!

ரம்யா வீட்டிலிருந்து யூனிபார்மோடுதான் கிளம்பிக்கொண்டிருந்தாள். கான்ட்ராக்டர் வேனில் துணி மாற்றிக்கொண்டு, அக்காவின் ஆதாரைக் காட்டி, ஒரு தகடு வெட்டும் பட்டறைக்கு வேலைக்குப் போனாள். மெஷின் அவள் வலது கையின் விரல்களை எடுத்துக்கொண்ட பிறகுதான் ஊருக்கே தெரிந்தது.

மறுநாள் அரசப்பன் அன்புசெல்வனை அறைக்குக் கூப்பிட்டு நாற்காலி போட்டார். அவர் யாருக்கும் நாற்காலி போடுகிறவர் இல்லை.

“நீ சொன்னதுதான்யா கரெக்டு. ஆப்புல கோளாறு. பல தபா சொல்லியும் கம்பெனிக்காரன் கேக்கலன்னு எழுதிக் குடு. பள்ளிக்கூடம் பேஜாரு இல்லாம தப்பிச்சிக்கும்.”

வழக்கில் ஜெயித்தாகிவிட்டது. பேனாவை எடுத்தவனுக்கு ஒரு எழுத்து ஓடவில்லை. எழுந்து நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போனான்.

வார்டுக்கு வெளியே சின்னப்பொண்ணு தரையில் உட்கார்ந்திருந்தாள். இவனைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் எழுந்து நின்றாள். அந்த மரியாதை அவனைக் கொன்றது.

“உக்காரும்மா. அந்த ஆப்புல...” என்று ஆரம்பித்தான். வராதவர்களைக் குறிக்க அதில் இடமில்லை, கோளாறு என்று தான் எத்தனையோ முறை எழுதியும் கம்பெனிக்காரர்கள் கேட்கவில்லை என்று விளக்கினான். அவள் முழுக்கக் கேட்டாள்.

“எனக்கு அதெல்லாம் தெரியாது சார். காமாலை வந்து படிப்பு வுட்டுப்போச்சி, கிளாஸ்ல போயி உக்கார பயந்துகினு மொதல்ல ரெண்டு நாள் ரயிலு ஸ்டேஷன்லயே உக்காந்துனு இருந்துச்சாம். அம்மாக்கு மெசேஜ் வரும், வந்து அடிச்சி இட்டுனு போவும்னு பாத்துனு இருந்துச்சாம். அறுபத்திரெண்டுன்னு வந்துச்சி. ‘நான் போவாட்டியும் அங்க யாருக்கும் ஒண்ணும் இல்லம்மா, மார்க்கு வந்துச்சி பாரு, அதான் வேலைக்குப் போனேன்’னு நேத்து சொல்லி அழுவுது.”

அன்புசெல்வன் சுவரோரம் தரையில் உட்கார்ந்தான்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் சார். அந்த ஆப்புக்குத் தெரியாது, வுடுங்க. எம்பொண்ணு வர்லன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”

“தெரியும்மா.”

அவள் கத்தவில்லை, திட்டவில்லை. கதவைத் திறந்து உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, அவன் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

“அது முழிச்சிக்கப் போவுது. உங்கள இங்க பாக்க வேணாம். போங்க சார்.”