பூட்டிய அறைக்குள் மகளின் ஓவியங்கள்

போன மே மாதம், சீசன் உச்சத்தில் இருந்தபோது, கொடைக்கானல் நாயுடுபுரத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது. சீசன் வந்தால் முன்பக்க அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விட்டுவிட்டு, நாங்கள் மூவரும் பின்கட்டில் ஒடுங்கிக்கொள்வோம்.

முன்னறை அலமாரிக்குள் ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டுக் கோப்புகள் மொத்தமும் அதில்தான். பின்கட்டில் உள்ள விண்டோஸ் லேப்டாப்பிலிருந்து நெட்வொர்க் வழியாக எடுத்துக்கொள்வோம். மகள் ஓவியக் கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்தாள். கம்ப்யூட்டரில் அவள் வரைந்தவற்றை அன்று மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். தவறினால் ஒரு வருடம் வீண். அன்றைக்கென்று பார்த்து லேப்டாப்பில் அந்த லினக்ஸ் கம்ப்யூட்டர் தெரியவே இல்லை. முந்தைய நாள்தான் அதில் விண்டோஸைப் புதிதாகப் போட்டிருந்தேன்.

முன்னறையில் தங்கியிருந்தவர்கள் காலையிலேயே அறையைப் பூட்டிக்கொண்டு மன்னவனூர் போய்விட்டார்கள். ஃபோன் போட்டால் சிக்னல் இல்லை.

"மாத்துச் சாவிதான் ஆணியில கெடக்கே, தொறந்து எடுத்தா என்ன?" என்றார் என் கணவர்.

"அவங்க சாமான் சட்டெல்லாம் உள்ள கெடக்குங்க. ஆளில்லாதப்ப தொறக்கிற சோலியே வேணாம்" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, கண் கடிகாரத்தின் மேலேயே இருந்தது. மகள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் நான் விடுவதாக இல்லை. வீட்டு நெட்வொர்க்கை அமைத்ததே நான்தான், என்னிடமே வீம்பா என்று ஒரு கோபம். விண்டோஸின் ஃபயர்வாலை அணைத்துப் பார்த்தேன். பகிர்வு அமைப்புகளை ஒவ்வொன்றாக மாற்றினேன். ரௌட்டரை அணைத்துப் போட்டேன். ரௌட்டரில் லினக்ஸுக்குப் போகும் கேபிளின் பச்சை விளக்கு மட்டும், நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்பதுபோல் சிமிட்டியது. சாப்பாடு ஆறிப்போனது. மணி நாலைத் தாண்டியது.

அப்போது முன்பக்கத்தில் இன்னொரு அறையில் தங்கியிருந்தவர் வாசலில் வந்து நின்றார். "வைஃபை பாஸ்வேர்ட் என்னங்க?"

தலையைக்கூட நிமிர்த்தாமல் ஒப்பித்தேன். சீசனில் தினமும் ஒப்பிப்பதுதான். பாதியில் நாக்கு நின்றுவிட்டது. காலையில் லேப்டாப்பில் நான் அடித்ததும் இதே பாஸ்வேர்டைத்தான். விருந்தினருக்கான வைஃபையில் இருப்பவர்கள் எங்கள் கம்ப்யூட்டரைத் தொடவே முடியாதபடி தடுப்பு வைத்ததும் நானேதான்.

மீதியையும் அவருக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, லேப்டாப்பை எங்களுக்கென்று தனியாக உள்ள வீட்டு வைஃபைக்கு மாற்றினேன். ஃபோல்டர் திறந்தது. "வெரசா அனுப்புடி" என்றேன். படங்கள் ஐந்து மணிக்கு முன்பே போய்ச் சேர்ந்தன. நான் வைத்த தடுப்பில் நானே மாட்டிக்கொண்டதற்குக் கணவர் சிரித்த சிரிப்பில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இருட்டிய பிறகு வந்த முன்னறைக்காரர்கள், காலையில் பூட்டிப்போன கதவை அவர்கள் கையாலேயே திறந்தார்கள். இப்போதும் ஏதாவது ஒன்று என்னிடம் பிடிகொடுக்காமல் அடம்பிடித்தால், அதைத் திட்டுவதற்கு முன், நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்றுதான் முதலில் பார்த்துக்கொள்கிறேன்.