ஞாயிற்றுக்கிழமை மேற்கே சூலம்

விமான டிக்கெட் விற்பவனிடம் டிக்கெட் கேட்பவர்களைவிட, "எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். தாம்பரத்தில் கடை போட்டு இருபது வருடமாகப் பதில் சொல்கிறேன். பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு ஒரே கடிகாரத்தில் இரண்டு ஊர் மணி பார்க்கும் சக பாவிகளே, குரோம்பேட்டை வசந்தா டீச்சர் கதை உங்களுக்குத்தான் புரியும்.

நானூற்று அறுபது பீச்

டீச்சரின் ஒரே மகன் டொரோண்டோவில் பனியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டான். தனிக்கட்டை. திங்கள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிடுவார்கள். அதற்குள் டீச்சர் போய்ச் சேர வேண்டும். நல்லவேளை, விசா முன்பே எடுத்திருந்தார்.

பதிமூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் என்றால் மிரண்டுவிடுவாரே என்று, "தாம்பரத்துலேர்ந்து பீச்சுக்கு எலெக்ட்ரிக் ட்ரெயின்ல நானூத்தி அறுபது தடவை போனா வந்துடும் டீச்சர்" என்றேன். எழும்பூர் பள்ளிக்கூடத்துக்கு முப்பது வருடம் ரயிலில் போய்வந்தவர் அவர்.

"அப்ப நான் பல தடவை கனடா போய்ட்டு வந்துட்டேன் சார். அதுவும் நின்னுகிட்டே!"

காணாமல் போன பத்தரை மணி

ஞாயிறு பகல் பன்னிரண்டரைக்கு இங்கே ஏறினால், அங்கே ஞாயிறு இரவு பதினொன்றரைக்கு இறங்கலாம். "பதினோரு மணி நேரம்தானா?" என்று முகம் மலர்ந்தார். இருபத்தொன்றரை மணி நேரம். மிச்சத்தை வழியில் கழித்துக்கொள்வார்கள் என்றேன். இப்படித்தான் ஒருவரை ஜப்பானிலிருந்து ஹவாய்க்கு அனுப்பினேன், ஒரே பிறந்தநாளை இரண்டு தடவை கொண்டாடி, இரண்டு கேக்கும் தின்று, சர்க்கரை ஏறிப்போய் என்னிடம் சண்டைக்கு வந்தார் என்று அளந்தேன். டீச்சர் சிரிக்கவில்லை.

"நேரத்தை நீங்க என்ன வேணா பண்ணிக்கோங்க சார். அவன் வீட்டுப் படி ஏறும்போது நான் பக்கத்துல இருக்கணும்."

எதிர்வீட்டுப் பை

ஞாயிறு மேற்கே சூலம், அந்தத் திசையில் பயணம் ஆகாது. வேறு நாளில் சீட் இல்லை. "உலகம் உருண்டை டீச்சர், கிழக்கால சுத்திப் போகச் சொல்றேன்" என்றேன். எடுபடவில்லை. வியாழக்கிழமையே நல்ல நேரம் பார்த்து ஒரு பையை எதிர்வீட்டில் வைத்துவிட்டார். பை கிளம்பிவிட்டால் பயணமும் கிளம்பியதாக அர்த்தம். அதற்குப் பெயர் பரஸ்தானம். ஞாயிறு காலை எனக்குப் போன். எதிர்வீடு பூட்டு. குடும்பத்தோடு வண்டலூர் ஜூவுக்குப் போயிருக்கிறார்கள். போனை எடுக்கவில்லை. பாஸ்போர்ட் பைக்குள்.

ஸ்கூட்டரை விரட்டினேன். நான் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துப் புலி எழுந்து வழிவிட்டது. நம்பாவிட்டால் போங்கள். அதன் எதிரே வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தார் எதிர்வீட்டுக்காரர். சாவியை வாங்கி, பையை எடுத்து, கவுன்டர் மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால் விமான நிலையத்தில் டீச்சர் கையில் கொடுத்தேன். மூச்சு வாங்கியது எனக்கு; கண் கலங்கியது அவருக்கு.

"கனடா கிட்டதான் சார். எதிர்வீடுதான் ரொம்ப தூரம்."

டொரோண்டோவிலிருந்து

புதன்கிழமை மகனே கூப்பிட்டான். அம்மா வந்துவிட்டார், திங்களன்று அவனைத் தோளில் சாய்த்துப் படியேற்றினாராம். ரசம் வைத்தாரா என்று கேட்டேன்.

"எங்க அங்கிள்! இங்க பகல்னா அம்மாவுக்கு ராத்திரி. தூங்கிட்டே இருக்காங்க. நான்தான் ஒத்தக் கால்ல நின்னு காப்பி போட்டு எழுப்பறேன். ஆனா, ரெண்டு டம்ளர் காப்பி போட்டு எவ்ளோ நாளாச்சு தெரியுமா?"

தூரத்துக்கும் நேரத்துக்கும் ஏஜென்ட் பொறுப்பு. போய்ச் சேர்ந்தபின் யார் யாரைப் பார்த்துக்கொள்வது என்பதற்குக் கம்பெனி பொறுப்பல்ல.