இரண்டாம் டாங்கி

டிவி கேம் கேசட்டை உதட்டருகே கொண்டுபோய், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஊதுகிறார் கிளாட்வின். பிறகு சட்டை நுனியால் ஒரு துடைப்பு. செருகி, பொத்தானை அழுத்தி, பழைய டிவிப் பெட்டியை உற்றுப் பார்க்கிறார். கோடு கோடாக வருகிறது. பிடுங்கி மறுபடி ஊதுகிறார். சித்தூர் பஸ் ஸ்டாண்டின் பின்தெருவில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவர் அவர். சற்று முன்புதான் சார்ஜர் துளைக்குள் ஊதிய வாடிக்கையாளரை, "இன்னா சார், வாயால ஊதறீங்க? எச்சி உள்ள பூந்தா போர்டே போயிடும்" என்று கடிந்துகொண்டார். விஞ்ஞானம் செல்போனுக்கு மட்டும்தான். டாங்கி கேசட்டுக்கு மூச்சுக்காற்றுதான் மருந்து.

டாங்கி ஆட்டத்தை அறியாத துர்பாக்கியசாலிகளுக்காகச் சொல்கிறேன். திரையின் அடியில், செங்கல் சுவருக்குள் ஒரு பட்சி உட்கார்ந்திருக்கும். மேலேயிருந்து எதிரி டாங்கிகள் இறங்கி வரும். தடுத்து அடிக்க ஒருவருக்கு மஞ்சள் டாங்கி, இன்னொருவருக்குப் பச்சை டாங்கி. பட்சி செத்தால் ஆட்டம் முடிந்தது. இவ்வளவு ஆபத்திலும் அந்தப் பட்சி ஏன் பறந்து போகவில்லை என்று அன்று எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு தலைமுறையே பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியிருக்கும்.

ஆட்டப் பெட்டியை வாங்கி வந்தவர் கிளாட்வினின் அப்பா, நைனா அசரியா. மிஷன் பள்ளியில் டிரில் மாஸ்டர். ஜனங்கள் லட்டோடு திரும்புகிற திருப்பதியிலிருந்து, ஒரு கிறிஸ்துமஸுக்கு டிவி கேமோடு திரும்பினார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கிடையாது. மற்ற நாட்களில் மாலை ஜெபத்துக்கு ஆட்டத்தை அப்படியே நிறுத்திவைத்துவிட்டு அண்ணனும் தங்கையும் முழங்கால் போட வேண்டும். நைனா சபைக்காகவும் மழைக்காகவும் இரண்டு மாநில முதலமைச்சர்களுக்காகவும் வேண்டி முடிப்பதற்குள் அடாப்டர் தோசைக்கல்லாகிவிடும். அதன்மேல் ஈரத்துணி போடுவது தங்கை லீனாவின் பொறுப்பு. மின்சாரத்தின்மேல் அந்த வீட்டுக்கு அத்தனை விசுவாசம்.

கிளாட்வினுக்கு இப்போது வயது நாற்பத்தாறு. அவர் வாழ்வில் வேலை போயிருக்கிறது, தலைமுடி போயிருக்கிறது. அவர் வருந்துவதோ ஒரே ஒரு தோல்விக்கு. "குறுக்கால ஆறு வர்ற ஸ்டேஜ் சார். நான் மேல போயி ஒண்ணொண்ணா அடிச்சிக்கினு கீறேன். பாக்கி ஒரே ஒரு டாங்கி. அந்த நேரம் பாத்து இவ பட்சிய உட்டுட்டா சார்! நவுராம நில்லுடின்னா, அது கூட முடில." அந்த வாரமே அடாப்டர் புகைந்து செத்ததால் மறுபோர் நடக்கவில்லை. தோல்விக்குக் காரணம் இரண்டாம் டாங்கியின் அசிரத்தை என்பதே நிலைபெற்ற வரலாறு. வரலாற்றை மூத்தவர்கள்தான் எழுதுகிறார்கள்.

இதை அவர் தமிழில், கடைக்கு அடிக்கடி வரும் எனக்கும், தெலுங்கில் டீ கொண்டுவரும் ஹரிபாபுவுக்கும் பலமுறை சொல்லியிருக்கிறார். "பாவம் அன்னா, மீ செல்லி" என்பார் ஹரிபாபு, காலி கிளாஸை எடுத்தபடி. தங்கைக்கு அந்தத் தெருவில் கிடைத்த ஒரே ஆதரவு அது.

பெட்டியும் கேசட்டும் பழைய சாமான்காரரிடம் மறுபடி கிடைத்த நாளிலிருந்து, தனியாக ஆடினாலும் இரண்டு பேர் ஆட்டத்தைத்தான் போடுவார். தங்கையின் பச்சை டாங்கி ஆளில்லாமல் நிற்கும்; கொஞ்ச நேரத்தில் சாகும். "ஒண்டியா ஆடினா ஸ்கிரீனு காலியா கீது சார்." நான் வேண்டுமானால் உட்காரட்டுமா என்று ஒருமுறை கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வேணாம் சார். நீங்க நவுருவீங்க."

லீனா திருப்பதியில் நர்ஸ். நைனாவும் அம்மாவும் படுக்கையில் கிடந்த வருஷங்களில் சித்தூரிலேயே இருந்து கடைசிவரை பார்த்துக்கொண்டவர் அவர்தான். அப்போது கிளாட்வின் சத்தியவேட்டுப் பக்கம் ஒரு கம்பெனியிலும், பிறகு சென்னையிலுமாக முன்னேறிக்கொண்டிருந்தார். இப்போது பண்டிகைக்கு லீனா வரும்போதெல்லாம் ஆட அழைப்பார். "இந்த வயசுல இன்னாண்ணே" என்று அவர் நழுவிவிடுவார்.

போன சனிக்கிழமை நான் டிஸ்பிளே மாற்றப் போனபோது லீனா அங்கே இருந்தார். குவைத்தில் வேலை கிடைத்துவிட்டது, திங்கட்கிழமை விமானம். எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. அண்ணன் அவருடைய போனைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க வெயிலு ஜாஸ்தியாம்."

"இங்க மட்டும் இன்னா, ஊட்டியா?"

போனைக் கையில் கொடுத்துவிட்டு கிளாட்வின் தொண்டையைச் செருமினார். வழியனுப்பும் சொற்கள் வரும் என்று எதிர்பார்த்தேன். "ஒரே ஆட்டம், லீனா. ஆறு வர்ற ஸ்டேஜ். உன் தப்ப நீயே சரிபண்ணிட்டுப் போ" என்றார்.

"என் தப்பா? இன்னும் அதையே சொல்லிக்கினு கீறியா?"

"பட்சிய உட்டது நீதானே?"

"சுட்டது உன் குண்டுண்ணே." லீனா போனைப் பைக்குள் வைத்துக்கொண்டே, மாத்திரை சாப்பிடும் வேளையைச் சொல்வதுபோலச் சொன்னார். "கடசி டாங்கிய தொரத்திக்கினு மேலருந்து கீழ சுட்ட. அது நவுந்துகிச்சி. குண்டு நேரா வந்து பட்சிய அடிச்சிது. நான் பக்கத்துலயேதானே நின்னுக்கினு இருந்தேன்? நீதான் நவுராதன்னு சொன்னியே."

"அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா அடுத்த ஆட்டத்துல என்ன சேத்துக்குவியா?"

இரண்டு மொழிகளில் வரலாறு உரைத்த கிளாட்வின் மேசையிலிருந்த ஸ்குரூ டிரைவரைத் தேவையில்லாமல் டப்பாவில் போட்டார், வெளியே எடுத்தார், மறுபடி போட்டார்.

பிறகு ஒரு ஜாய்ஸ்டிக்கை லீனாவிடம் நீட்டினார். லீனா மணியைப் பார்த்தார், அண்ணனின் முகத்தைப் பார்த்தார், பையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். ஆறு வருகிற ஸ்டேஜ் தொடங்கியது. மஞ்சள் டாங்கி பட்சியின் பக்கத்தை விட்டு அசையவில்லை.

"நீ மேல போ" என்றார் கிளாட்வின்.

"நீ?"

"நான் இங்க பாத்துக்கறேன்."

பச்சை டாங்கி நின்ற இடத்திலேயே நின்றது. சர்ச் வாசலில் காணிக்கைப் பை பிடித்து நிற்கிறவர்களைப்போல, பட்சிக்கு ஆளுக்கொரு பக்கமாக இரண்டு டாங்கிகளும் மரியாதையாக நின்றன. எதிரிகள் ஆற்றைச் சுற்றிக்கொண்டு இறங்கினார்கள்.

"போடி!"

"எப்டிண்ணே போறது? நான் போனதேயில்லியே."

கிளாட்வின் தன் ஜாய்ஸ்டிக்கை மேசைமேல் வைத்தார். கையை நீட்டி, தங்கையின் கட்டைவிரல்மேல் தன் கட்டைவிரலை வைத்து, மேல் அம்புக்குறியை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.