வாய் திரும்பி வந்த ஆவணி

எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. ஆற்றில் புதுத் தண்ணீர் வந்து சேர்ந்திருந்த ஆனி மாதம். அம்பகரத்தூரில் எல்லா வீட்டிலும் நாற்றங்கால் பேச்சு. எங்கள் வீட்டில் மட்டும் என்னைப் பற்றிய பேச்சு. காரணம், நான் பேச்சை நிறுத்தியிருந்தேன்.

என்னைத் தெரிந்தவர்களுக்குத்தான் இது எவ்வளவு பெரிய சேதி என்று புரியும். பள்ளிக்கூடத்தில் நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். மீதியைப் பொட்டலம் மடித்து வந்த காகிதத்திலும், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களின் வாயிலும் படித்துக்கொண்டேன். யாராவது புதிதாக ஒரு சொலவடை சொன்னால் அதை அன்றைக்கே நாலு பேரிடம் சொல்லிப் பார்த்தாக வேண்டும் எனக்கு. "வாயிருந்தா வங்காளம் போவலாம்பாங்க, இவ போயிட்டுத் திரும்பியும் வந்துடுவா" என்று என் அண்ணன் கேலி செய்வார்.

அந்த வாய்தான் அடைத்துக்கொண்டது. விதை நெல்லில் பூச்சி விழுந்தால் வெளியே தெரியாது. மூட்டையைத் தூக்கும்போதுதான் கனம் இல்லையே என்று திடுக்கிடுவோம். அப்படித்தான் எனக்கும் ஆனது. முதலில் சமையல் ருசிக்கவில்லை. பிறகு பிள்ளைகள் விளையாடுகிற சத்தம் எங்கோ அடுத்த ஊரில் கேட்பதுபோல இருந்தது. கோழி கூவுவதற்கு முன்பே முழிப்பு வந்துவிடும். விடிந்தால் ஒரு பகல் முழுக்க இருந்து தீர வேண்டுமே என்று நெஞ்சு கனக்கும். அழுகை கூட வரவில்லை. அழுதிருந்தால் எல்லோருக்கும் ஆறுதலாக இருந்திருக்கும்.

நல்ல வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், மூன்று வேளைச் சோறு. "ஒனக்கு என்னடி கொறச்சல்?" என்று வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். எனக்குத் தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேனா? குறை இல்லாமலே இப்படி இருக்கிறோமே என்று அதுவும் ஒரு பாரமாகச் சேர்ந்துகொண்டது.

இந்தக் கதையில் என் நாத்தனாரை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். என் வீட்டுக்காரருக்கு அக்கா. கணவர் போன பிறகு தன் நிலத்தைத் தானே பார்த்துக்கொண்டு எங்களோடு இருந்தார். மிளகாய்க்கு இருக்கிற காரமெல்லாம் அவர் நாக்கில் இருக்கும். எனக்கும் அவருக்கும் அதுவரை நடந்ததெல்லாம் சொற்போர்தான். காலையில் தொடங்கினால் விளக்கு வைக்கும்வரை போகும். நான் அமைதியானதும் அவர் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். மாறாக, தவித்துப் போனார். "நான் ஒண்ணு சொன்னா திருப்பி ஒம்போது சொல்லுவா. இப்ப நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கிட்டுக் கெடக்கேன்" என்று தெருவில் புலம்பினார். நான் கிணற்றடிக்குப் போனால் குடத்தைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்துவிடுவார். ஏன் வருகிறார் என்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

என் அண்ணன் கார் பேசிக்கொண்டு வந்துவிட்டார். என்னை ஊருக்கு அழைத்துப் போய் வைத்துக்கொள்வதாகப் பேச்சு. கொஞ்ச நாளைக்கு என்றுதான் சொன்னார். ஆனால் அப்படிப் போன பெண்கள் திரும்பி வந்த கதை எங்கள் பக்கம் குறைவு. பிள்ளைகள் இங்கே, நான் அங்கே. எனக்கு அதைத் தடுக்கவும் தெம்பில்லை. நாத்தனார்தான் வாசலில் குறுக்கே நின்றார்.

"ஆடி முடியட்டும் தம்பி. ஆவணி பொறந்து வாங்க. அப்பவும் இப்படியே இருந்தா நானே பொட்டியத் தூக்கி வண்டில வைக்கிறேன்."

அண்ணன் அரை மனதோடு திரும்பிப் போனார். அம்மன் கோயிலில் முன்னமே வேண்டிக்கொண்டாயிற்று. "ஆத்தா ஒரு பக்கம் பாக்கட்டும், டாக்டரு ஒரு பக்கம் பாக்கட்டும்" என்று, யாரோ சொன்னதைக் கேட்டு, காரைக்காலுக்கு வாரம் ஒருமுறை வந்துபோகும் மனநல டாக்டரிடம் நாத்தனார் என்னை அழைத்துப் போனார். வீட்டுக்காரரும் வந்தார். டாக்டர் சின்ன வயது. பைத்தியக்கார டாக்டர் என்று ஊரில் சொன்னதைக் கேட்டு நான் என்னவோ நினைத்திருந்தேன். அவரோ பக்கத்து வீட்டுப் பையன் மாதிரி இருந்தார். தூக்கம், பசி, பிள்ளைகள், சாக வேண்டும் போல் இருக்கிறதா என்று எல்லாவற்றையும் பதறாமல் கேட்டார். கடைசிக் கேள்விக்கு நான் ஆமென்று தலையாட்டியபோது நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை.

இது மனச்சோர்வு என்கிற நோய், மருந்து இருக்கிறது என்றார் டாக்டர். ஒரு தாளில் இரண்டு வட்டம் வரைந்தார். மூளையில் ஒரு நரம்புக்கும் அடுத்த நரம்புக்கும் நடுவில் சின்ன இடைவெளி உண்டு. ஒன்று சொல்வதை மற்றதற்குக் கொண்டுசேர்க்க அந்த இடைவெளியில் செரடோனின் என்று ஒன்று சுரக்கிறது. வேலை முடிந்ததும் சுரந்த நரம்பே அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். இந்த மாத்திரை அப்படி உறிஞ்சுவதைக் குறைக்கும் என்று விளக்கினார். அன்று நான் எதையும் காதில் வாங்கவில்லை, இதெல்லாம் பின்னாளில் கேட்டுத் தெரிந்துகொண்டது. நாத்தனார் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேரு என்னமோ, தண்ணின்னு வச்சிக்குவோம். அப்ப நீங்க வடிமடைய அடைச்சி வயல்ல தண்ணியக் கட்டப் போறீங்க. அதானுங்களே?"

டாக்டர் சிரித்துவிட்டார். "கிட்டத்தட்ட அதாம்மா. இன்னும் ரெண்டு மூணு தண்ணியும் ஓடுது. எல்லாத்தையும் நாங்களே இன்னும் முழுசாக் கண்டுபிடிக்கல."

"அப்ப நாளைக்கே பச்ச புடிச்சிடுமா?"

"தண்ணி கட்டுன மறுநாளே பயிரு நிமிந்துடுமாம்மா? மூணு வாரம், நாலு வாரம் ஆவும். மொதல்ல வாய் வறளும், தூக்கமா வரும். பயந்துகிட்டு நிறுத்திடாதீங்க. மாத்திரையை நீங்களே வச்சிருந்து வேளைக்கு எடுத்துக் குடுங்க."

அன்றிலிருந்து என் நாத்தனார் மாத்திரைக்கு அதிகாரியானார். மருந்து என்று வந்தால் பத்தியம் இல்லாமலா? டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. சின்னப் பிள்ளை, மறந்திருப்பார் என்று இவரே ஒரு பத்தியம் போட்டார். கத்தரிக்காய் கூடாது, பூசணி கூடாது, கருவாடு பக்கமே போகக்கூடாது, மீன் அறவே கூடாது. எனக்கு மட்டும் கூடாதென்றால் வீட்டில் வாசனை வருமாம். அதனால் வீட்டுக்கே கூடாது. என் வீட்டுக்காரர் மிளகுரசமும் சுட்ட அப்பளமுமாகச் சாப்பிட்டு, ஆடி மாதத்தில் துறவிபோல் ஆகிவிட்டார்.

"யாருக்கு ஒடம்பு சரியில்ல, எனக்கா அவளுக்கா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டார்.

"பொண்டாட்டிக்கு வந்தா புருசனுக்கும் பாதி. தின்னுட்டு எந்திரி" என்றார் அக்கா.

டாக்டர் சொன்னபடியே வாய் வறண்டது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தலை கிறுகிறுக்கும். நல்லது ஒன்றையும் காணோம். இரண்டு வாரம் கழித்து வீட்டுக்காரர் மட்டும் போய் நிலைமையைச் சொல்லி, மாத்திரையைக் கொஞ்சம் கூட்டி எழுதி வாங்கி வந்தார். பார்க்க வந்தவர்கள், "இங்கிலீஷ் மருந்து சூடு. இருக்கிற புத்தியும் போயிடப் போவுது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்று சாயங்காலம் நாத்தனார் மாத்திரையோடு வந்தபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"வேணாம் அண்ணி. எனக்கு நம்பிக்க இல்ல. என்ன எங்க அண்ணன் வீட்டுக்கே அனுப்பிடுங்க."

பல நாளில் நான் பேசிய நீளமான பேச்சு அதுதான். வழக்கமாக இருந்தால் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பார். அன்று டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"இந்தாடி, நம்பிக்க இல்லாட்டிப் போவட்டும். அது ஒன் வேலை இல்ல. நம்புற வேலைய நான் பாத்துக்கறேன். நீ முழுங்குற வேலைய மட்டும் பாரு. ஆளுக்கொரு வேலை."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் வர வேண்டிய அவசியமும் இல்லை என்றதும் ஒரு மூட்டையை யாரோ வாங்கி வைத்துக்கொண்டது போல இருந்தது. முழுங்கினேன். மறுநாளும் முழுங்கினேன்.

எந்த நாளில் திரும்பியது என்று என்னால் சொல்ல முடியாது. ஒருநாள் விடிந்த பிறகுதான் கண்விழித்தேன். இன்னொரு நாள் சின்னவன் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்துக் கூப்பிட்டு மாற்றிவிட்டேன். அதற்கு மறுநாளே பழையபடி பாயில் சுருண்டேன். ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. நாத்தனார் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டே வந்தார்.

ஆவணி பிறந்தது. அண்ணன் வருவதாகச் சொன்ன காலை. பெட்டி கட்டுவதா வேண்டாமா என்று யாரும் வாய் திறக்கவில்லை. அப்போது கருக்களாச்சேரியிலிருந்து பஸ்ஸில் மீன் கொண்டுவரும் அக்கா எங்கள் தெருவுக்குள் வந்தார். எங்கள் வீட்டில் பத்தியம் என்று தெரியும். ஆனாலும் வாசலில் கூடையை இறக்கி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவது அவர் வழக்கம். நான் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டுக்காரம்மா மீன் பார்க்க வந்தார்.

"விடியக்கால வலையில வந்த சங்கரா. துள்ளத் துள்ளக் கொண்டாந்திருக்கேன்" என்றார் மீன்கார அக்கா.

என் கண் கூடைக்குள் போனது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"துள்ளிச்சா? கண்ணப் பாருக்கா, ரெண்டு நாளு தூங்காத மாமியா மாதிரி உள்ள போயிக் கெடக்கு. இது துள்ளல, நீ வந்த பஸ்ஸு துள்ளியிருக்கும்."

மீன்கார அக்கா கையிலிருந்த மீனைக் கூடையில் போட்டுவிட்டு, ஈரக்கையாலேயே என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். "ஆத்தாடி! பேசிட்டாளே! திட்டு தங்கச்சி, இன்னுங் கொஞ்சம் திட்டு! நீ திட்டாம இந்தத் தெருவுல மீன் விக்கவே புடிக்கல எனக்கு!"

எதிர்வீட்டுக்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. வயிற்றிலிருந்து வந்தது. அடக்கப் பார்த்தால் இன்னும் வந்தது. சிரிப்பு இவ்வளவு கனமான பொருள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது, உடம்பையே குலுக்கிவிட்டது.

சண்டையோ என்று அகப்பையும் கையுமாக உள்ளேயிருந்து ஓடிவந்தார் நாத்தனார். நான் சிரிப்பதைப் பார்த்தார். கூடையைப் பார்த்தார். பாவம், பத்தியம் ஒரு பக்கம் இழுக்கிறது, சந்தோஷம் ஒரு பக்கம் இழுக்கிறது. மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "என்னா பாத்துக்கிட்டு நிக்கிற? பேசி வாங்குடி. பத்தியமாவது மண்ணாங்கட்டியாவது" என்றார்.

நான் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போதே தெருமுனையில் அண்ணன் வந்துவிட்டார். பிறகு அவர் சொன்னார்: முதலில் குரல்தான் கேட்டதாம், இது என் தங்கச்சி குரல்தானா என்று அங்கேயே நின்றுவிட்டாராம். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, "கொழம்புல மாங்கா போடுவீங்களா?" என்று கேட்டார். மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். என் வீட்டுக்காரர் எத்தனை முறை வாங்கினார் என்று கேட்காதீர்கள். சாயங்கால பஸ்ஸில் அண்ணன் தனியாகவே ஊருக்குப் போனார்.

அடுத்த முறை போனபோது பத்தியக் கதையைக் கேட்டு டாக்டர் மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். "நான் எப்பம்மா மீன் வேணாம்னு சொன்னேன்? நல்லாச் சாப்பிடச் சொல்லுங்க!" என் வீட்டுக்காரர் அக்காவைப் பார்த்த பார்வையில் ஒரு மாத ரசம் இருந்தது. தெளிந்துவிட்டது என்று நானாக நிறுத்தக்கூடாது என்பதையும் டாக்டர் அழுத்திச் சொன்னார். ஒரு வருஷத்துக்கு மேல் சாப்பிட்டேன். அவர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். இடையில் இரண்டொரு மங்கலான வாரங்கள் வந்தன, போயின.

செரடோனின் குறைவதால்தான் மனச்சோர்வு வருகிறது என்று அத்தனை எளிதாகச் சொல்லிவிட முடியாது, இன்னும் பல காரணம் உண்டு என்று இப்போது பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். அந்த டாக்டரும் அன்றைக்கே முழுசாகத் தெரியாது என்றுதானே சொன்னார். படித்தவர்கள் ஆராயட்டும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: எங்கள் தெருவில் யாராவது பெண் சத்தமில்லாமல் உள்ளே உள்ளே போவதைப் பார்த்தால், "டாக்டர்கிட்ட போவோம் வா, நானும் வாரேன்" என்று நான் செருப்பை மாட்டிக்கொள்கிறேன். இதுவரை போன யாரும் என்னைத் திட்டியதில்லை.

காலையில் கண்ணைத் திறந்ததும் "இன்னைக்கு என்ன கொழம்பு வைக்கலாம்?" என்று ஒரு நினைப்பு ஓடிவருகிறதே, ஊரில் எல்லோருக்கும் சும்மா வருகிற அந்த நினைப்பு, எனக்கு இத்தனை வருஷம் கழித்தும் ஒவ்வொரு நாளும் யாரோ பலகாரத் தட்டோடு வாசலில் வந்து நிற்பதுபோலவே இருக்கிறது.