சிவப்பில் எட்டு மாதம்

சிவப்புப் பென்சிலின் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டுதான் நுக்சார் தேதிக்குப் பக்கத்தில் கோடு போடுவார். மதியத்துக்குள் அவர் நாக்கு மாதுளை தின்ற நாக்கு மாதிரி ஆகிவிடும்.

திபிலிசியில் ஓர் அரசு அலுவலகத்தின் மூன்றாம் மாடி. "என் வழக்கை ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தார்கள், இது நியாயமான விசாரணையா?" என்று ஸ்ட்ராஸ்பூர்க் மனித உரிமை நீதிமன்றத்துக்கு யாராவது ஓடினால், அரசின் சார்பில் பதில் தயாரிக்கிறவர் இவர். வாய்தாவுக்கு ஒரு வரி. அரசால் தாமதம் என்றால் நீலம். மனுதாரரால் என்றால் சிவப்பு. சிவப்புப் பென்சில் கட்டைவிரல் அளவுக்குத் தேய்ந்துவிட்டது. நீலம், பொன்னெழுத்துக்கூட அழியாமல், வாங்கியபடியே நிற்கிறது.

கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். பஸ் தேவாலயத்தைத் தாண்டும்போது மூன்று முறை சிலுவை போடுவார். ஓட்டுநரும் போடுவதால் அந்த நேரத்தில் பஸ்ஸை யார் ஓட்டுகிறார்கள் என்பது கடவுளுக்கே வெளிச்சம். மேசை இழுப்பறையில், தண்ணீர் பாட்டிலில், சொந்த ஊர் ஒயின் இருக்கும். ஆறு மணிக்கு முன் தொடமாட்டார். "அரசாங்கம் தெளிவா இருக்கணும்ல" என்பார்.

நேற்று ரெவாஸ் என்பவரின் கோப்பு வந்தது. எழுபத்தெட்டு வயது. சாலைக்காக இடித்த வீட்டுக்கு நியாயம் கேட்டுப் பதினோரு ஆண்டு அலைந்தவர். ஸ்ட்ராஸ்பூர்க்குக்கு மேல் கோர்ட் கிடையாது. கடவுள் இருக்கிறார், அங்கேயும் வாய்தாதான். சிவப்பு இன்னும் ஒரு வரி கூடினால் கிழவரின் மனு நிற்காது.

அந்த வரி கிடைத்தது. "மனுதாரர் வேறு தேதி கேட்டார். காரணம், இறந்த மனைவி நாத்தெலாவின் நாற்பதாம் நாள் சடங்கு." ரெவாஸ் கேட்டது ஒரே ஒரு நாள். நீதிபதி கொடுத்த அடுத்த தேதி எட்டு மாதம் கழித்து. நுக்சார் எட்டு மாதத்தையும் சிவப்பாக்கினார்.

தட்டச்சு செய்கிற மாக்வலா எட்டிப் பார்த்தார். நுக்சாரைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் வாய் இருபது வயது மூத்தது.

"ஏன் தம்பி, பொண்டாட்டி நாப்பதன்னிக்கு மனுஷன் கோர்ட்டுக்கா போவான்?"

"தேதி அழாதுக்கா. ஸ்ட்ராஸ்பூர்க்ல இருக்கிறவங்களுக்கு நாப்பதுன்னா என்னன்னே தெரியாது."

"உனக்குத் தெரியுமே. உங்கம்மா நாப்பதுக்கு இந்த ஆபீசையே பூட்டிட்டு வந்து சாப்பிட்டோமே. அந்த நாளை எந்தக் கலர்ல போட்ட?"

"டைப் அடிங்கக்கா."

"அடிக்கிறேன். விரல்தான் சம்பளத்துக்கு. நாக்கு என்னுது."

மூன்று மணிக்குத் தபால் போயிற்று. எட்டு மாதமும் அதோடு போயிற்று.

நுக்சார் அப்போதுதான் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார். ரொட்டி காய்ந்திருந்தது. இழுப்பறையைத் திறந்து பாட்டிலை எடுத்தார். சுவர்க்கடிகாரத்தில் மூன்றேகால். மாக்வலாவும் கடிகாரத்தைப் பார்த்தார். நுக்சார் ஒரு துண்டைப் பிய்த்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "நாத்தெலா" என்று மட்டும் சொல்லி, அவர் ஊரில் தம் வீட்டு இறந்தவர்களுக்கு விடுவதுபோல, அதன்மேல் மூன்று சொட்டு ஒயின் விட்டார்.