பினாங்குக் கிதாருக்கு சொக்கு ஆசாரி சொன்ன விலை

என் மச்சான் சொக்கு ஆசாரிக்கு ஒரு சாமானைக் கண்ணால் பார்த்தால் போதாது, தட்டிப் பார்க்க வேண்டும். நடுவிரலை மடக்கி இரண்டு தட்டு, காதைப் பக்கத்தில் கொண்டுபோய் இன்னொரு தட்டு, அப்புறம் மூக்கை வைத்து ஒரு மோப்பம். பர்மா தேக்கா, மலையாளத்துத் தேக்கா, எத்தனை வருஷத்துக் கட்டை, உள்ளே பூச்சி விழுந்திருக்கிறதா, எல்லாம் சொல்லிவிடுவார். காரைக்குடிப் பெரிய வீடுகளில் அண்ணன் தம்பிகள் சாமான் பிரித்துக்கொள்ளும்போது மதிப்புச் சொல்ல அவரைத்தான் கூப்பிடுவார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணைப் பார்க்காமல் வாசல் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார் என்று என் வீட்டுக்காரி சரஸ்வதி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். அவரோடு கூடப்பிறந்த தங்கை அவள், அவளுக்குத் தெரியாதா?

எழுபத்திரண்டு பங்குனியில் தேனம்மை ஆச்சி வீட்டிலிருந்து அவருக்கு ஆள் வந்தது. ஆச்சியின் வீட்டுக்காரர் பினாங்கில் கடை பார்த்தவர். பன்னிரண்டு வருஷம் ஊர்ப்பக்கமே வராமல், முந்தின ஐப்பசியில் அங்கேயே காலமாகிவிட்டார். அவருடைய சாமான்கள் கப்பலில் வந்திருந்தன. ஒரு தகரப் பெட்டி, நெஞ்சு உயரத்துக்கு ஒரு கள்ளிப்பெட்டி. கள்ளிப்பெட்டியைப் பிரிக்கத்தான் மச்சானைக் கூப்பிட்டார்கள். ஆணி பிடுங்க ஒரு ஆள் வேண்டுமென்று அவர் என் சைக்கிள் கடையைச் சாத்தவைத்து என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

பலகையைப் பெயர்த்தால் கம்பளி. கம்பளிக்குள் ஒரு கிதார். கிதார் என்று இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன், அன்றைக்கு அது என்னவென்று சத்தியமாக எங்களுக்குப் பிடிபடவில்லை. நாங்கள் சினிமாவில் பார்த்த கிதாருக்கு நடுவில் வட்டமாக ஓட்டை இருக்கும். இதற்கு அது இல்லை. இரண்டு பக்கமும் நெளிந்த இரண்டு வாய்கள். உடம்பு செக்கச்செவேலென்று இருந்து ஓரத்தில் கறுப்பாக இறங்கியது. ரேடியோவுக்கு இருப்பது மாதிரி வெள்ளைக் குமிழ்கள் வேறு. ஆறு கம்பியில் ஒன்று அறுந்து தொங்கியது.

"என்ன ஆசாரி இது?" என்றார் ஆச்சி.

மச்சான் தட்டினார். முகம் சுருங்கியது. மறுபடி தட்டினார். "உள்ள ஒண்ணுமில்ல ஆச்சி, வெறும் கூடு. பலகையும் ஒரே மரம் இல்ல, ஒட்டுப்பலகை" என்றார். தூக்கி ஆட்டினார். உள்ளே எதுவோ கலகலவென்றது. அவ்வளவுதான், மனிதருக்குக் கண் விரிந்துவிட்டது. கைப்பெட்டிகளுக்குள் கள்ள அறை வைத்துச் செய்தே பழகிய ஆள் அல்லவா? "ஆச்சி, இது பாக்கத்தான் வாத்தியம். செஞ்சது காசு போட்டு வைக்க. இங்குட்டு ஒரு வாயி, அங்குட்டு ஒரு வாயி, பாத்தீகளா?" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனாலும் ஆணியைக் கீழே போட்டுவிட்டு நானும்தான் எட்டிப் பார்த்தேன்.

கம்பியை வளைத்து உள்ளே விட்டு இரண்டு மணி நேரம் துழாவினார். கடைசியில் வெளியே வந்தது நகத்தளவுக்கு ஒரு முக்கோணத் தகடு, பிளாஸ்டிக்கோ கொம்போ. முனை தேய்ந்திருந்தது. கம்பியை மீட்டுகிற வில்லை அது என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்? ஒடிந்த சீப்பு என்று மச்சான் தீர்ப்புச் சொன்னார். ஆச்சி சிரிக்கவில்லை.

"விக்கிறதுக்குக் கேக்கல ஆசாரி. இது என்ன, என்ன வெல பெறும், அது மட்டும் எனக்குத் தெரியணும். ஒண்ணும் அவசரமில்ல, சரியாச் சொல்லு" என்றார்.

விற்காத பொருளுக்கு எதற்கு விலை? வீட்டுக்கு வந்து சரஸ்வதியிடம் கேட்டேன். சட்டியைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தாள்.

"ரெண்டு மரமண்டைகளும் சேந்துதான் போனீகளா? அந்த ஆச்சி மக கல்யாணம் அறுபத்தெட்டுல நடந்துச்சு. அப்பன் வரல. கடை நட்டம், கப்பல் கூலிக்குக்கூடக் காசில்லன்னு காயிதம் போட்டாரு. பந்தல்ல சனம் என்னென்ன பேசுச்சு! ஆச்சி அந்தக் காயிதத்தக் கையில வச்சுக்கிட்டு ஒவ்வொருத்தர் கிட்டயும் போயிச் சொன்னாக, அவுக நிலமை அப்படின்னு. இப்ப அந்த மனுசன் பெட்டிக்குள்ள பளபளன்னு ஒண்ணு வந்திருக்கு. இது பத்து ரூவாச் சாமான்னா அவரு சொன்னது நெசம். ஆயிரம் ரூவாச் சாமான்னா பொய்யி. அண்ணே, ஒன் வாயில இருந்து வரப்போறது வெல இல்ல."

"வெலன்னா வெலதான். அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?" என்றார் மச்சான். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

மறுநாள் அமராவதிபுதூர் ஆசைத்தம்பியிடம் எடுத்துப் போனோம். கல்யாண வீடுகளுக்கு மைக் செட்டுக் கட்டுகிறவன். ஓரத்தில் இருந்த ஓட்டையைப் பார்த்ததுமே, "மாமா, இது கரண்டு கிதாரு. மைக்க மாட்டுற மாதிரி இதுல ஒயர மாட்டணும்" என்று எதையோ சொருகினான். மச்சான் ஒரு கம்பியைத் தொட்டதும் குழாய் ஒலிபெருக்கி 'ஙொய்ங்' என்று கத்தியது. பக்கத்து வீட்டு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. மச்சான் அதைப் பாம்பைப் போடுவது மாதிரிக் கீழே போட்டார்.

ஆசைத்தம்பி கண்ணாடியும் டார்ச்சும் வைத்து நெளிந்த வாய் வழியாக உள்ளே பார்த்தான். குமிழின் அடியில் பொடி எழுத்தில் ஜப்பான் என்று இங்கிலீஷில் இருந்தது. பெயர்த் தகடு இருக்க வேண்டிய தலைப்பக்கத்தில் இரண்டு சின்ன ஆணி ஓட்டைகள்தான் மிச்சம்.

"ஜப்பான் சாமானா? அப்பச் சரி, மலிவுச் சரக்கு. பொம்மைக்காரும் பேனாவும் செய்யிறவன்தானே?" என்றார் மச்சான். முந்தின ராத்திரியிலிருந்து காணாமல் போயிருந்த சிரிப்பு முகத்தில் வந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் இருக்கிறதே! "ஏன் மச்சான், செட்டியார் வீட்டுப் பாகப்பிரிவினையில ஜப்பான் இனாமல் சட்டிக்கு வெங்கலத்த விடக் கூட வெல போட்டீகளே?" என்றேன். சிரிப்பு போய்விட்டது. ஒட்டுப்பலகை என்று குறைப்பார், கழுத்தில் முத்துச்சிப்பி பதித்திருக்கிறது என்று கூட்டுவார். நகத்தால் சுரண்டிப் பார்த்து, சிப்பி இல்லை, பிளாஸ்டிக் என்று மறுபடி குறைப்பார். அவருக்கு மண்டை காய்ந்தது, கூடவே இருந்த எனக்கும் காய்ந்தது.

மதுரையில் வாத்தியக் கடை வைத்திருந்த ஞானசம்பந்தம் என்பவரிடம் போகச் சொல்லி ஆசைத்தம்பிதான் வழி காட்டினான். போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனோம். செத்த பிள்ளையோ என்று கண்டக்டர் பயந்துபோய்ப் போர்வையை விலக்கிப் பார்த்தார்.

ஞானசம்பந்தம் தட்டவில்லை. கம்பிகளுக்குக் கீழே குறுக்கே பதித்த வெள்ளைக் கட்டைகளைத் தடவினார், கழுத்தின் பின்பக்கத்தைத் தடவினார், திருப்பி வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். அமெரிக்காக்காரன் செய்வதைப் பார்த்து ஜப்பான்காரன் செய்தது, அறுபத்து நான்கு அறுபத்தைந்து வாக்கில் இருக்கும் என்றார். உள்ளே கூடாக இருப்பதும் பலகையை ஒட்டி வளைத்திருப்பதும் குறையில்லையாம், செய்முறையே அதுதானாம்.

"இங்க இது கெடைக்காது. தொளாயிரம் பெறும். பின்னாடி கீறல் கெடக்கு, அதுக்கு நூறு கழிச்சுக்கங்க. எண்ணூறு தாரேன், வச்சுட்டுப் போறீங்களா?"

மச்சானுக்கு முகத்தில் ஈயாடவில்லை. "அதே சாமான் பினாங்குல என்ன வெல இருக்கும்?" என்று நான்தான் கேட்டேன்.

"பினாங்கிலயா? அங்க சுங்கமே கெடையாதுங்க அப்ப. கால் வெலைக்கும் கெடைக்கும். ஊரை விட்டுப் போற வெள்ளைக்காரச் சிப்பாய் சும்மாவும் குடுத்துட்டுப் போவான். யாரு கண்டா?"

திரும்பி வரும் வழியெல்லாம் மச்சான் புலம்பிக்கொண்டே வந்தார். "எண்ணூறுங்கிறான். அப்புறம் எரநூறுங்கிறான். அப்புறம் சும்மாங்கிறான். ஒரு சாமானுக்கு எத்தனை வெலை மாப்ள? அவுக என்ன குடுத்து வாங்குனாகன்னு இதத் தட்டிப் பாத்தா தெரியுமா?"

மறுநாள் காலையில் ஆச்சி வீட்டு உள்முற்றத்து வளவில் கிதாரைப் பாயில் கிடத்தினோம். மச்சான் தட்டாமலே சொன்னார்.

"ஜப்பான் சாமான் ஆச்சி. ஒட்டுப்பலகை. இருபத்தஞ்சு ரூவா பெறும்."

அந்த மனிதர் வாயிலிருந்து பொய் விலை வந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். ஆனால் ஆச்சியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நாலு வருஷமாக இறுக்கிக் கட்டி வைத்திருந்த எதையோ அவிழ்த்துவிட்டது மாதிரி அப்படியே தூணில் சாய்ந்தார். "இருபத்தஞ்சா? எனக்குத் தெரியும் ஆசாரி. அவுக அப்படிப்பட்டவுக இல்லன்னு எனக்குத் தெரியும்" என்று இரண்டு தரம் சொன்னார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிறைந்த மனசோடு சொன்னார்:

"ஒன்னய மதுரை வரைக்கும் அலையவிட்டுட்டேன். அந்த இருபத்தஞ்சுக்கு இத நீயே எடுத்துக்க."

மதிப்புச் சொல்கிறவர்களுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு கட்டு உண்டு. சொன்ன விலைக்கு நீயே எடுத்துக்கொள் என்று சாமான்காரர் சொல்லிவிட்டால் எடுத்தே ஆக வேண்டும். மாட்டேனென்றால் சொன்ன விலை பொய்யென்று அர்த்தம், அப்புறம் ஒரு வீட்டிலும் கூப்பிட மாட்டார்கள். ஆச்சி சோதிப்பதற்காகக் கேட்கவில்லை, பிரியத்தில்தான் கேட்டார். அதுதான் இன்னும் மோசமாகப் போயிற்று. எடுத்தால் ஒரு விதவையை ஏமாற்றி எண்ணூறு ரூபாய்ச் சாமானைத் தூக்கிப் போன திருடன். எடுக்காவிட்டால் பொய்யன். மச்சான் திருதிருவென்று விழித்தார். நெற்றி வேர்வை மூக்கு நுனிக்கு வந்தது.

"எனக்கு வேணாம் ஆச்சி" என்றார்.

"ஏன்?"

"எண்ணூறு பெறும்." சொல்லிவிட்டுக் கடகடவென்று எல்லாவற்றையும் கொட்டினார். கால் விலைக்கும் கிடைக்கும் என்றார், சும்மாவும் கிடைக்கும் என்றார், சுங்கம் என்றார், சிப்பாய் என்றார். எனக்கே ஒன்றும் புரியவில்லை. ஆச்சி எதையும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"எண்ணூறா?" என்றார்.

"தொளாயிரம். கீறலுக்கு நூறு கழிச்சது போக எண்ணூறு."

"எங்க கீறல்?"

மச்சான் திருப்பி வைத்தார். சிவப்பு முதுகில், வயிறு படுகிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு வார்னிஷ் போய்த் தேய்ந்திருந்தது. குறுக்கும் நெடுக்கும் பொடிப்பொடிக் கீறல்கள், நடுவில் ஆழமாக ஒரே அளவில் இரண்டு கோடுகள். ஆச்சி குனிந்து பார்த்தார். எழுந்து உள்ளே போனார். தகரப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. வரும்போது கையில் அகலமான பச்சை பெல்ட் இருந்தது. வேட்டிக்கு மேலே அவர் வீட்டுக்காரர் எப்போதும் கட்டுகிற பெல்ட். பித்தளைக் கொக்கியை அந்தக் கோடுகளின் மேல் வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது.

"ஒரு நா ரெண்டு நாத் தேய்ப்பு இல்ல ஆச்சி" என்றார் மச்சான் மெதுவாக. "அஞ்சாறு வருசம் தெனமும் வயித்தோட அணைச்சு வச்சு வாசிச்சாத்தான் இப்படித் தேயும்."

இதற்கு ஆச்சிக்குக் கோபம் வரும் என்று நான் நினைத்தேன். மகள் கல்யாணத்துக்குக் கப்பல் கூலி இல்லையென்று எழுதிய மனிதன்! ஆச்சி பெல்ட்டை மடியில் வைத்துக்கொண்டு பாயிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எண்ணூறோ எட்டணாவோ, போகட்டும்" என்றார். "கலியாணத்துக்கு வரல, அதுவும் போகட்டும். மாசம் தவறாமக் காயிதம் போட்டாக ஆசாரி. அரிசி வெல எழுதினாக, மழ எழுதினாக, காலு வீங்குனத எழுதினாக. பன்னெண்டு வருசத்துல, தேனு, நான் இங்க பாட்டு வாசிக்கிறேன்னு ஒத்த வரி எழுதலையே. கேட்டா நான் என்ன கோவிச்சுக்கவா போறேன்?"

சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதார். கொஞ்ச நேரம் கழித்து ஆச்சி முகத்தை நிமிர்த்தி, மதிப்பு கேட்கிற அதே குரலில், "என்ன பாட்டு வாசிச்சிருப்பாக ஆசாரி?" என்று கேட்டார்.